வெள்ளிக்கிழமை நிமிஷங்கள்

சூர்யகலா டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். போடிநாயக்கனூரில் இப்போது அவரிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். டீச்சர் மெல்லப் பேச ஆரம்பித்தால் சட்டென்று நோட்டைத் திறந்துவிடுவார்கள். ஆனால் பதினான்கு வருஷத்துக்கு முன்னால், மலையடிவாரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் கத்துகிற டீச்சராகத்தான் இருந்தார். சாயங்காலம் வீடு திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும். கணவர் முத்துக்கிருஷ்ணன் எதையாவது கேட்டால் சைகையிலேயே பதில் வரும்.

அவருடைய அப்பா போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் சாக்குத் தைத்தவர். மகள் இருபது வயதில் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கிட்டத்தட்டப் பதினெட்டு வருஷம் காத்திருந்தார். கல்யாணம் ஆகி, மகன் பிறந்து, அவன் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம்தான் கையில் உத்தரவு வந்தது. அதைப் பார்க்க அப்பா இல்லை.

பள்ளிக்கூடம் நாவல்மேட்டில் இருந்தது. போடியிலிருந்து மூணாறு போகிற பஸ்ஸில் ஏறி, முந்தலைத் தாண்டி, ரோடு மலையேறத் தொடங்குகிற இடத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் உள்ளே நடக்க வேண்டும். ஓடு போட்ட இரண்டு அறைகள், ஒரு சத்துணவுக்கூடம், ஒரு தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றி இலவ மரங்கள். பஞ்சு வெடிக்கிற மாதங்களில் கரும்பலகையில் எழுதிய எழுத்தின் மேலெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் தலைமையாசிரியர் பால்ராஜ் சார் பொறுப்பு. மூன்று, நான்கு, ஐந்து சேர்ந்து ஒரே அறையில் இருபத்தேழு பிள்ளைகள். அந்த அறைதான் சூர்யகலாவுக்கு.

ஊரில் பெரியவர்கள் பாதிப் பேர் விடியும் முன்பே ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தாங்களே எழுந்து, தாங்களே தலை சீவி, தாங்களே கிளம்பி வருவார்கள். ஒன்பது மணிக்கு வகுப்பில் உட்காரும்போது அவர்களுக்குப் பாதி நாள் முடிந்திருக்கும். யார் சொன்னாலும் கேட்க வேண்டும் என்ற பழக்கமே அவர்களுக்கு இல்லை. ஒரு பக்கம் அடிதடி, இன்னொரு பக்கம் ஓட்டு இடுக்கில் இருக்கிற அணிலுக்குக் கல். சூர்யகலா மேஜையைத் தட்டுவார். தட்டி முடிக்கிற வரைக்கும் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். அடிக்க அவருக்கு மனசு வராது. நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு தப்பாகச் சொன்னதற்கு வெயிலில் முட்டி போட்ட பிள்ளை அவர். எட்டேழு எத்தனை என்று இன்றைக்கும் அவருக்கு ஒரு நொடி தயக்கம் வரும்.

பிள்ளைகளை அமைதிப்படுத்தும் யோசனை அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அலுவலகத்துக்கு ஏதோ படிவங்கள் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. வேறு வழி தெரியாமல் பிள்ளைகளிடம் பேரம் பேசினார்.

"அரை மணி நேரம் சத்தம் போடாம இந்தக் கணக்க முடிச்சீங்கன்னா, கடைசிப் பத்து நிமிஷம் உங்க இஷ்டம். என்ன வேணாலும் செய்ங்க."

"என்ன வேணாலுமா டீச்சர்?" என்று கேட்டாள் சிவரஞ்சனி. ஐந்தாம் வகுப்பு. வகுப்புத் தலைவி. எதையும் உறுதிப்படுத்திக்கொள்ளாமல் நம்ப மாட்டாள்.

"பள்ளிக்கூடத்த விட்டு வெளிய போகக் கூடாது. மத்தபடி உங்க இஷ்டம்."

அரை மணி நேரம் அந்த அறையில் பென்சில் உரசுகிற சத்தம் மட்டும்தான். படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தி வாங்க முடியாத அமைதியைப் பத்து நிமிஷம் கொடுத்து வாங்கியது அவருக்கே கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, மேலே 'வெள்ளி' என்று எழுதினார். எல்லோரும் மணி அடிக்கும் முன்னால் வந்தால் ஒரு நிமிஷம். வீட்டுப்பாடம் எல்லோரும் முடித்தால் ஒரு நிமிஷம். மத்தியானம் வரை யாரும் யாரையும் அடிக்காவிட்டால் இரண்டு நிமிஷம். சேர்ந்த நிமிஷமெல்லாம் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அவர்களுக்கே. அந்த நேரத்தில் பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது, டீச்சர் குறுக்கே வர மாட்டார்.

முதல் வாரம் பதினோரு நிமிஷம் சேர்ந்தது. இரண்டாம் வாரம் பதினாறு. பிள்ளைகள் பச்சைக்குதிரை தாண்டினார்கள், கோடு போட்டுப் பாண்டி ஆடினார்கள். மூன்றாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் பதினாறு நிமிஷமும் தொட்டிக்குப் பக்கத்தில் எறும்புப் புற்றைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். அறைக்குள் குரல் இறங்கியது. சூர்யகலாவின் குரலும் இறங்கியது.

அதன்பிறகு கட்டம் நிறையவில்லை.

காரணம் பானுப்பிரியா. நாலாம் வகுப்பு, ஒன்பது வயது, ஒல்லியாக இருப்பாள். மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் லேட். மணி அடித்துப் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு வாசலில் வந்து நிற்பாள். அந்த ஒரு நிமிஷம் அன்றைக்குப் போச்சு. வீட்டுப்பாடம் இருக்காது. அதுவும் போச்சு. பத்து மணிக்கு மேல் கண்ணைச் சொருகுவாள். பக்கத்தில் இருக்கிறவள் தட்டி எழுப்பினால் திரும்பி ஒரு அடி வைப்பாள். மத்தியான நிமிஷம் இரண்டும் போச்சு.

சூர்யகலா அவளை மேஜைக்குப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டார். "ஏன் தினமும் லேட்டு?"

பானுப்பிரியா பாவாடை ஓரத்தைத் திருகினாள்.

"உன்னால எல்லாப் பிள்ளைகளுக்கும் நிமிஷம் போகுதுல்ல?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தையை வகுப்பில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னோம் என்பது டீச்சருக்கு அப்போது உறைக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தைத்துவிட்டது. அடுத்த நாள் சிவரஞ்சனி வந்து, "டீச்சர், பானுவ மட்டும் ஒண்ணாப்புல உக்கார வெச்சிருங்க, நம்ம நிமிஷம் போகாது" என்றாள். சூர்யகலா அதட்டி அனுப்பினார். ஆனால் அதட்டியதோடு விட்டுவிட்டார்.

விஷயத்தைச் சொன்னது சத்துணவு சமைக்கிற மொக்கம்மாள். ஒரு வியாழக்கிழமை சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், டீச்சர் கை கழுவ வந்ததும் நிமிராமலே பேசினார்.

"டீச்சரம்மா, நீங்க போர்டுல கட்டம் போட்டு ஒரு ஆட்டம் வெச்சிருக்கீகளே. அந்த ஆட்டத்துல ஒரு பிள்ளைக்குத் தட்டு வெக்க எடமில்லாமப் போச்சு. பாத்தீகளா?"

"யாருக்கு அக்கா?"

"நம்ம பானுதான், பொன்னுமணி மக. வரிசையில உக்காந்தா, அவ ரெண்டு பக்கமும் பிள்ளைக எந்திரிச்சுத் தள்ளிப் போயி உக்காருதுக. மூணு நாளா அடுப்படிக்குப் பின்னால வெச்சுத் திங்குறா. நாந்தான் எடம் குடுத்தேன்."

சூர்யகலாவுக்கு ஈரக் கையைத் துடைக்கத் தோன்றவில்லை. அன்றைக்கு மத்தியானப் பாடம் எப்படி நடந்தது என்று அவருக்கு நினைவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, வெயிலில் முட்டி போட்டிருந்த நாலாம் வகுப்புப் பிள்ளையும் அவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருவது போல் இருந்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளையை டீச்சர் ஒருத்தர்தான் தண்டித்தார். இந்தப் பிள்ளையை இருபத்தாறு பேர் தண்டிக்கிறார்கள். ஏற்பாடு செய்து கொடுத்தது தான்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிப் போனார். ஏழு மணிக்கு நாவல்மேட்டில் இறங்கியபோது தெருவில் பெரியவர்கள் யாரும் இல்லை. பொதுக்குழாயடியில் பானுப்பிரியா நின்றிருந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பி. இன்னொரு கையில் குடம். குழந்தை மூக்கு ஒழுகி அழுதுகொண்டிருந்தது. டீச்சரைப் பார்த்ததும் அவள் பயந்து குடத்தைக் கீழே வைத்தாள்.

"நான் இன்னிக்கு வெரசா வந்துருவேன் டீச்சர். தம்பியப் பால்வாடியில விட்டுட்டு வந்துருவேன். அந்த அக்கா ஒம்பதரைக்குத்தான் தொறப்பாங்க."

கேட்டதற்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அப்பா கொஞ்ச நாளாகத் தேவாரம் பக்கம் மக்காச்சோளக் காட்டுக்குக் காவலுக்குப் போயிருக்கிறார். யானை வருவதால் வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அம்மாவுக்கு ஜீப்பு நாலரைக்கு. தம்பிக்கு இருமல், ராத்திரியெல்லாம் யாராவது தூக்கி வைத்திருக்க வேண்டும். அம்மாவும் இவளும் மாற்றி மாற்றித் தூக்குகிறார்கள்.

சூர்யகலா குடத்தை எடுத்துக்கொண்டு அவளோடு வீடு வரை போனார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கட்டத்தில் நாலு நிமிஷம்தான் இருந்தது. சூர்யகலா முதல் வேலையாக அதை அழித்தார். வகுப்பு முழுக்க மூச்சை இழுத்தது. அழித்த இடத்தில் 'இருபது' என்று எழுதினார்.

"இது எப்பவும் உங்களுக்கு உண்டு. யாரு என்ன செஞ்சாலும் இது குறையாது. நல்லா நடந்தா மேல சேரும். லேட்டா வர்றதுக்கு இனிமே கணக்குக் கிடையாது. முன்னால வெச்சது நான் செஞ்ச தப்பு. ஒருத்தர் மேல பழி போடுற மாதிரி நான் பேசினதும் தப்பு."

டீச்சர் தப்பு என்று சொல்லி அந்தப் பிள்ளைகள் அதுவரை கேட்டதில்லை. சிவரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, கடைசிப் பாடவேளையில் என்ன செய்ய ஆசை என்று எழுதச் சொன்னார். பந்து, பாண்டி, படம் வரைதல், கதை, சும்மா பேசுவது என்று வந்தது. ஒருவன் 'பால்ராஜ் சார் நாற்காலியில் உட்கார வேண்டும்' என்று எழுதியிருந்தான். பானுப்பிரியாவின் தாளில் ஒரே ஒரு சொல். 'துக்கம்.'

சூர்யகலா அந்தத் தாளை மறுபடி படித்தார். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "என்னாத்தா இப்படி எழுதிருக்க? எதுக்குத் துக்கம்?" என்று கேட்டார்.

"துக்கம் இல்ல டீச்சர்." அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். தான் போடாமல் விட்ட நெடில் அவளுக்குத் தெரியவில்லை. "தூக்கம். கொஞ்ச நேரம் தூங்கிக்கிறவா?"

மொக்கம்மாளின் பாயை வாங்கி அறையின் மூலையில் விரித்துக் கொடுத்தார். தலைக்கு அவளுடைய புத்தகப் பையே போதும் என்றாள். படுத்தாள், அவ்வளவுதான். மற்ற பிள்ளைகள் வெளியே போய் ஆடினார்கள். முதலில் வாசலுக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தவர்கள், கொஞ்ச நேரத்தில் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். யார் சொல்லிப் போனார்கள் என்று தெரியவில்லை. நடுவில் சிவரஞ்சனி சாக்பீஸ் எடுக்க உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தாள். நாலு பத்துக்கு மணி அடித்தபோதும் பானுப்பிரியா எழவில்லை. சூர்யகலா அன்றைக்கு நாலரை பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை கல்வி அலுவலர் வந்துவிட்டார். சொல்லாமல் வருகிற பார்வை. ஜீப்பிலிருந்து இறங்கியவர் முதலில் பார்த்தது தொட்டிக்குப் பக்கத்தில் பாண்டி ஆடுகிற பிள்ளைகளை. உள்ளே வந்தவர் பாயில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கா."

"பாடவேளையில பிள்ளை தூங்குது. மத்தது வெளிய விளையாடுது. நீங்க என்ன செய்றீங்க?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பதிலை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. விளக்கக் கடிதம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பால்ராஜ் சார் பதறிப்போனார். "எதுக்கு டீச்சர் வம்பு. காய்ச்சல்னு எழுதிருங்க. நானும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். சூர்யகலாவின் நன்மைக்குத்தான் சொன்னார்.

சூர்யகலா இரண்டு நாள் யோசித்து நாலே வரி எழுதினார். 'மாணவி உறங்கியது உண்மை. வாரம் முழுவதும் ஒழுங்காக நடந்துகொண்டதற்காக வகுப்புக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில் உறங்கினாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். அதைத்தான் கேட்டாள்.' அனுப்பிய பிறகு ஒரு வாரம் தபால்காரர் மணி கேட்டாலே வாசலுக்கு வந்து நின்றார். பதினெட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை.

அலுவலகத்திலிருந்து எந்தப் பதிலும் வருவதற்கு முன்னால் பொன்னுமணி வந்தாள். பானுப்பிரியாவின் அம்மா. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். தோட்டத்துக்குப் போடுகிற முழுக்கைச் சட்டை இல்லாமல், நல்ல சேலை கட்டியிருந்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"எம்புள்ளயத் தூங்கவிடாம வெச்சிருக்கேன்னு ஊரே பேசுது டீச்சர். ஜீப்புல ஏறுனா அதேதான் பேச்சு. ஆபீசரு வந்து பாத்துட்டுப் போனாராம்ல. நான் என்ன வேணும்னா செய்றேன்?"

"நான் யார்கிட்டயும் அப்படிச் சொல்லல."

"நீங்க சொல்லல. பாயி விரிச்சது நீங்கதான்."

சூர்யகலா நாற்காலியிலிருந்து எழுந்தார். உள்ளே வரச் சொன்னார். பொன்னுமணி வரவில்லை. கடைசியில் டீச்சரே வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பொன்னுமணியும் ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள். குழாயடியில் பார்த்ததைச் சூர்யகலா சொன்னார். தன் மகன் சின்னதாக இருந்தபோது நர்சரி பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குப் போய்க்கொண்டு, அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவன் அழுகிற சத்தம் கேட்காத தூரம் வரை ஓட்டமாகவே நடந்ததைச் சொன்னார். பொன்னுமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சத்துணவுக்கூடத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மொக்கம்மாளுக்குக் காது கூர்மை. "இதுக்கு எதுக்குடி ரெண்டு பேரும் மூக்கச் சிந்திக்கிட்டு இருக்கீக. நான் ஏழு மணிக்கே அடுப்புச் சோலிக்கு வந்துர்றேன். கொண்டா அந்தப் பயல. பால்வாடி தொறக்குற வரைக்கும் இந்தச் சாக்குல கெடக்கட்டும்" என்றார்.

அப்படித்தான் நடந்தது. பானுப்பிரியா அதற்குப் பிறகு லேட்டாக வந்த நாட்கள் குறைவு. தம்பிக்கு இருமலும் மழைக்காலம் முடிந்ததும் நின்றது. இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பாயில் படுத்தவள் கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே போனாள். அவளுக்கு ஆட்டத்தில் இடம் கொடுத்தார்களா என்று எட்டிப் பார்க்க ஆசை இருந்தும், சூர்யகலா நாற்காலியை விட்டு எழவில்லை. குறுக்கே வர மாட்டேன் என்று சொன்ன நேரம் அது.

கல்வி அலுவலர் மார்ச்சில் மறுபடி வந்தார். கடிதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வருகைப் பதிவேட்டை மட்டும் நெடுநேரம் புரட்டினார். முன்னெல்லாம் வெள்ளிக்கிழமையானால் ஏழெட்டுப் பேர் வர மாட்டார்கள். இப்போது வரிசையாக இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தாறு, இருபத்தேழு. பார்வையாளர் புத்தகத்தில் 'வெள்ளிக்கிழமை வருகை நன்று' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏறும்போது, "அந்தப் பிள்ளை எங்க?" என்று கேட்டார். சூர்யகலா தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். அவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆறு வருஷம் நாவல்மேட்டில் இருந்தார் சூர்யகலா. பிறகு மாறுதல் கலந்தாய்வில் போடியிலேயே இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மாமியாருக்கு உடம்பு முடியாமல் இருந்த நேரம், வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. இந்தப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு டீச்சர், திரையில் படம் ஓடுகிறது, வெள்ளிக்கிழமை நிமிஷமும் உண்டு. இங்கேயும் இருபது குறையாது. ஆனால் இங்கே பிள்ளைகளைக் கூட்டிப் போக மூன்றரைக்கே வண்டிகள் வந்து வாசலில் நிற்கத் தொடங்கிவிடும். ஆட்டத்தின் நடுவே பிள்ளைகள் வாசலைப் பார்ப்பார்கள். அந்த மலையடிவாரத்தில் மூன்றரை மணி வெயில் இலவ மரத்து வழியாக இறங்கும்போது, நாலு பத்து வரை யாரும் எதற்காகவும் வர மாட்டார்கள் என்று இருபத்தேழு பிள்ளைகளும் ஒரு டீச்சரும் நம்பி உட்கார்ந்திருந்த நேரம் இருக்கிறதே, அது வேறெங்கும் அவருக்குக் கிடைக்கவில்லை. முத்துக்கிருஷ்ணனிடம் சொன்னால், "பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்து, மழையில நனைஞ்சு போய்வந்த எடம்" என்று சிரிப்பார்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம், போடியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போட்ட பெண் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நாவல்மேட்டு டீச்சர்தானே?" என்று கேட்டாள். பானுப்பிரியா. கழுத்தில் கடையின் அடையாள அட்டை. தம்பி ஒன்பதாம் வகுப்பாம். அம்மா இப்போது மலைக்குப் போவதில்லையாம். மொக்கம்மாள் இறந்ததை அவள்தான் சொன்னாள். சூர்யகலாவுக்கு அது தெரியாது. பார்த்துக்கொண்டிருந்த சேலையை மடித்து ஓரமாக வைத்தார்.

"வெள்ளிக்கிழமை நீ தூங்குவியே, ஞாபகமிருக்கா?" என்று பிறகு கேட்டார்.

"தூங்குவேனா?" அவள் யோசித்தாள். "இல்ல டீச்சர், ஞாபகமில்ல. சிவரஞ்சனி எனக்குத் தட்டாங்கல் ஆடச் சொல்லிக் குடுத்தா. ஏழு கல்லு. தோத்தா அழுவா. அவளுக்குக் கல்யாணமாகி கம்பத்துல இருக்கா. வாரம் ஒருதடவ போன்ல பேசுவோம்."

அரக்குச் சேலை ஒன்றை எடுத்து, இதுதான் உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்றாள். சூர்யகலா நீலம் வாங்கலாம் என்றுதான் வந்திருந்தார். அரக்கையே வாங்கினார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வழியாக வீட்டுக்கு நடந்தார். மூணாறு பஸ் என்ஜின் ஓடிக்கொண்டு நின்றது. கண்டக்டர் முந்தல், போடிமெட்டு, பூப்பாறை என்று கூவிக்கொண்டிருந்தார். ஜன்னலோர சீட்டு ஒன்று காலியாக இருந்தது. சூர்யகலா பஸ் கிளம்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.